முதலும் வழியும்: மென்பொருளாக்கத்திற் கழிப்பனவும் காப்பனவும்

மென்பொருள் ஆக்குவோர் அடிக்கடி செய்யும் பணிகளுள் ஒன்று, தம் கணினியிற் சேர்ந்த வேண்டாக் கோப்புக்களைக் கழித்தலாம். ஒரு செய்நிரலை ஆக்கும்போது கணினி இடையிடையே உண்டாக்கும் கோப்புக்களும், இணையத்தினின்று தருவித்துச் சேமித்து வைக்கும் பொதிகளும் நாளடைவிற் பெருகுகின்றன. எழுதிய நிரலினும் அவை பன்மடங்கு பெரியனவாதல் உண்டு. இடத்தை அடைப்பதோடு அமையாது, பழையன புதியனவற்றோடு கலந்து பொய்யான விளைவுகளையும் தருகின்றன. அவற்றை அழித்தல் எளிது. ஒருவரிக் கட்டளை போதும். எதனை அழிக்கலாம், எதனை அழித்தலாகாது என அறிதலே அரிது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என வினவுவார் இருக்கலாம். இன்று நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் மென்பொருட்டுறையிற் பணியாற்றுகின்றனர். மேல்வகுப்பு மாணவர் பலர் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கின்றனர். கணினிக் கழக மாணவர்க்குக் கலைச்சொல் ஆக்கி உதவும் பணி சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்துள்ளது. அப்பணியிற் கண்ட உண்மை ஒன்றுண்டு. இக்கழித்தற் றொழிலின் உயிர்நிலை, இலக்கணம் பயின்றோர் நன்கறிந்த ஒரு பாகுபாடேயாம். நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என நன்னூலார் மூவகைப்படுத்தினார். ஒன்று தானே முதலாய் நிற்பதா, பிறிதொன்றினின்று தோன்றியதா என்னும் வினாவே அப்பாகுபாட்டின் அடிப்படை. கணினியில் ஒரு கோப்பை அழிக்குமுன் கேட்கவேண்டிய வினாவும் அதுவே.

ஆக்கக் கோப்பு யாது?

மனிதர் எழுதும் நிரல் மூலநிரல் எனப்படும். சி மொழியில் எழுதிய மூலநிரலைக் கணினி நேரே இயக்கமாட்டாது. தொகுப்பான் என்னும் செய்நிரல் ஒவ்வொரு மூலக்கோப்பையும் பொறிமொழிக்கு மாற்றி, ஓர் இடைநிலைக் கோப்பாக எழுதி வைக்கும். பின்னர் இணைப்பான் என்னும் மற்றொரு செய்நிரல் அவ்விடைநிலைக் கோப்புக்களை ஒன்றுசேர்த்து, இயங்கத்தக்க முழுச் செய்நிரலாக்கும். இவ்வாறு தோன்றுவனவெல்லாம் ஆக்கக் கோப்புக்கள். தொழில் வழக்கிற் 'பில்ட்' கோப்புக்கள் என்பர். மூலநிரல் முதல், ஆக்கக் கோப்பு வழி. முதல் இருக்க வழி அழியின் இழப்புச் சிறிது நேரமே. வழி இருக்க முதல் அழியின், அதனை மீட்டல் பெரிதும் அரிது.

அங்ஙனமாயின் இடைநிலைக் கோப்புக்களைச் சேர்த்து வைப்பதேன்? காலத்தை மீதப்படுத்தற்கே. 1000 மூலக்கோப்புக்கள் உள்ள செய்நிரலில் ஒன்றை மட்டும் திருத்தினால், எஞ்சிய 999 கோப்புக்களையும் மறுபடி மொழிமாற்றுதல் வீண். திருத்தியதை மட்டும் மாற்றி, மற்றவற்றிற்குப் பழைய இடைநிலைக் கோப்புக்களையே பயன்கொள்ளலாம். ஆனால் எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படவில்லை என்பதை மனிதர் நினைவில் வைத்திருத்தல் இயலுமோ?

இயலாது என்பதற்கு ஒரு வரலாறு சான்றாகும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்ரீவன் ஜோன்சன் என்பார், ஒரு நாட் காலைப்பொழுதைப் பிழையற்ற செய்நிரலிற் பிழை தேடுவதிற் கழித்தார். பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. ஆயின், திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படாமையாற் பழைய இடைநிலைக் கோப்பே செய்நிரலுட் புகுந்திருந்தது. மனம் வெதும்பிய அவர் தம்முடன் பணியாற்றிய ஸ்ருவாட் பெல்ட்மன் என்பாரிடம் சென்று முறையிட்டார். பெல்ட்மனும் முந்தின நாள் மாலையில் அத்தகைய இடரொன்றிற்கு ஆளாகியிருந்தார். அம்முறையீட்டின் பயனாகவே 'மேக்' என்னும் கருவி பிறந்தது. அதனை இயற்றியமைக்காகப் பெல்ட்மனுக்கு 2003ஆம் ஆண்டிற்குரிய ஏ.சி.எம். சங்கத்தின் மென்பொருள் விருது வழங்கப்பட்டது.

மேக் கருவி செய்வது மிக எளிய செயல். எந்தக் கோப்பு எந்தக் கோப்பினின்று ஆக்கப்படுவது என்னும் விதிகளை நாம் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். மூலக்கோப்பு இறுதியாக மாறிய நேரத்தையும், அதனின்று ஆகிய கோப்பின் நேரத்தையும் அது ஒப்பு நோக்கும். முதல் பிந்தியதாயின் வழி பழையது. ஆதலின் அதனை மறுபடி ஆக்கும். வழி பிந்தியதாயின் வாளா விடும்.

பழமை எங்ஙனம் ஒளிந்திருக்கும்?

இவ்வளவு செம்மையான கருவி இருந்தும் பழைய கோப்புக்கள் நம்மை ஏமாற்றுதல் எவ்வாறு? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பட்டியலின் குறை. ஒரு மூலக்கோப்புப் பிறிதொரு கோப்பிலுள்ள வரையறைகளைப் பயன்படுத்துமாயின், அச்சார்பையும் பட்டியலிற் குறித்தல் வேண்டும். குறிக்கத் தவறினால், வரையறை மாறியும் அதனைச் சார்ந்த இடைநிலைக் கோப்பு மாறாது. செய்நிரலின் ஒரு பாதி புதிய வரையறையையும் மறுபாதி பழைய வரையறையையும் கொண்டு இயங்கும். பிழை எங்கிருந்து வருகின்றது என அறியமாட்டாது நாம் மயங்குவோம்.

இரண்டாவது, நேரத்தின் குறை. கணினியின் கடிகாரம் பிழைபட்டிருந்தாலும், வேறொரு கணினியினின்று பழைய நேரக்குறிப்போடு கோப்புக்களைப் படியெடுத்து வந்தாலும், நேர ஒப்பீடு பொய்த்துவிடும்.

மூன்றாவது, நீக்கத்தின் குறை. யாவா மொழியில் ஒரு மூலக்கோப்பை நாம் நீக்கிவிட்டோம் என்க. அதனினின்று முன்னர் ஆகிய கோப்பு ஆக்கக் கோப்புறையில் எஞ்சியிருத்தல் கூடும். முதல் மறைந்தும் வழி நின்றமையால், அதனை அழைக்கும் பிற பகுதிகள் நம் கணினியிற் குறையின்றி இயங்கும். நண்பரின் கணினியிலோ, அப்பழைய கோப்பு இல்லாமையால், ஆக்கமே தடைப்படும். என் கணினியில் நன்றாக இயங்குகிறதே என்று இளம் பொறியியலாளர் வியப்பதற்கு இத்தகைய எச்சங்களும் ஒரு காரணம்.

இம்மயக்கங்களைத் தீர்க்கவே 'மேக் கிளீன்' முதலிய கழித்தற் கட்டளைகள் ஏற்பட்டன. ஆக்கக் கோப்புக்கள் அனைத்தையும் நீக்கி, முதலினின்று யாவற்றையும் புதிதாக ஆக்கச் செய்வன அவை. 'குனு' என்னும் மென்பொருள் இயக்கத்தார் இக்கழித்தலை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படி, மீண்டும் தொகுத்தற்கு நீண்ட நேரம் வேண்டுவனவும் அரிதாகவே மாறுவனவும் ஆகிய சிலவற்றை விடுத்து ஏனையவற்றைக் கழிப்பது. இரண்டாம்படி, ஆக்கத்தின்போது இயல்பாகத் தோன்றிய யாவற்றையும் கழிப்பது. மூன்றாம்படி, அக்கணினிக்கென அமைத்துக்கொண்ட அமைப்புக் கோப்புக்களையும் சேர்த்துக் கழித்து, வெளியீட்டிற் கிடைத்த நிலைக்கே கொண்டுசெல்வது. நான்காம்படி, மீண்டும் ஆக்கற்குச் சிறப்புக் கருவிகள் வேண்டுவனவற்றையும் கழிப்பது. இது பராமரிப்போர்க்கே உரியது என்னும் எச்சரிக்கையை அக்கட்டளையே முதலில் அச்சிட்டுக் காட்டும். இப்பாகுபாட்டின் நுட்பத்தை நோக்குக. கழிக்கப்படும் பொருளின் பருமனை நோக்கி வகுத்தாரல்லர். மீண்டும் ஆக்குதல் எத்துணை அரிது என்பதை நோக்கியே வகுத்தனர்.

பொதிகளும் பதுக்ககமும்

இக்காலத்துச் செய்நிரல்கள் எல்லாவற்றையும் தாமே செய்வனவல்ல. பிறர் எழுதி உலகிற்கு வழங்கிய சிறு சிறு பகுதிகளைத் தருவித்துச் சேர்த்துக்கொள்வன. அப்பகுதிகள் பொதிகள் எனப்படும். நம் செய்நிரல் அவற்றைச் சார்ந்து நிற்றலின் அவற்றைச் சார்புப் பொதிகள் என்பது பொருந்தும். யாவாஸ்கிரிப்ற் மொழியிற் பயிலும் 'என்பிஎம்' என்னும் பொதி மேலாளரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்துவோர் நான்கு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, தேவைப் பட்டியல். எந்தப் பொதிகள் வேண்டும் என்பதை நாமே இதில் எழுதுகிறோம். 'இப்பதிப்பு, அல்லது இதனோடு ஒத்துப்போகும் பிந்திய பதிப்பு' என்னும் கருத்தமையப் பெரும்பாலும் எழுதப்படுதலின், இப்பட்டியல் ஓரளவு நெகிழ்ச்சியுடையது.

இரண்டாவது, பூட்டுக் கோப்பு. ஒரு நாளில் உண்மையாகத் தருவிக்கப்பட்ட பொதிகள் எவை, அவற்றின் பதிப்பெண்கள் யாவை, அவை பழுதுபடாதன எனக் காட்டும் அடையாளங்கள் யாவை என்பவற்றை இது எழுத்தெண்ணிப் பதிவு செய்யும். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த என்பிஎம் 5ஆம் பதிப்பிலிருந்து இக்கோப்புத் தானே உண்டாகின்றது.

மூன்றாவது, பொதிக் கோப்புறை. தருவித்த பொதிகள் விரித்து வைக்கப்படும் இடம் இது. 'நோட் மொடியூல்ஸ்' என்பது இதன் பெயர். ஒரு பொதி பிற பொதிகளைச் சார, அவை வேறு பொதிகளைச் சார, சிறிய செய்நிரலுக்கும் நூற்றுக்கணக்கான பொதிகள் இதில் வந்து நிறையும்.

நான்காவது, பதுக்ககம், ஆங்கிலத்திற் 'காஷ்' எனப்படுவது. ஒருமுறை இணையத்தினின்று வந்த பொதியின் படியொன்றைப் பயனரின் சொந்தக் கோப்புறையிற் சேமித்து, அடுத்தமுறை வேண்டும்போது மீண்டும் இணையத்தை நாடாது எடுத்துக் கொடுக்கும் களஞ்சியம் அது.

இந்நான்கனுள் முதலிரண்டும் முதல், பின்னிரண்டும் வழி. பொதிக் கோப்புறை கலங்கிவிட்டதெனின் அதனை ஐயமின்றி அழிக்கலாம். 2018ஆம் ஆண்டில் வந்த 'என்பிஎம் சிஐ' என்னும் கட்டளை, அக்கோப்புறையைத் தானே அழித்து, பூட்டுக் கோப்பிற் கண்டவாறே எல்லாப் பொதிகளையும் மீண்டும் நிறுவும். தேவைப் பட்டியலும் பூட்டுக் கோப்பும் முரண்படுமாயின், தன் மனம்போல ஒன்றைத் தெரிந்துகொள்ளாது பிழையெனக் கூறி நின்றுவிடும். இது மிக நல்ல ஒழுங்கு.

ஆயினும் இணையத்திற் பரவலாகச் சொல்லப்படும் ஒரு மருந்து, பொதிக் கோப்புறையோடு பூட்டுக் கோப்பையும் அழித்துவிடுக என்பதாம். அம்மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உண்ணுதலாகாது. பூட்டுக் கோப்பு இல்லையெனின், நெகிழ்ச்சியுள்ள தேவைப் பட்டியலைக் கொண்டு அன்றைய புதிய பதிப்புக்களே வந்திறங்கும். நேற்று இயங்கிய செய்நிரல் இன்று இயங்காதொழியலாம். நேற்று வந்தவை எவையெனக் காட்டும் சான்றும் கையில் இராது. கருவியினாலே உண்டாக்கப்பட்டமையின் அது வழிபோலத் தோன்றினும், இழந்தால் அவ்வண்ணமே மீட்கவியலாமையின் முதலாகவே போற்றத்தக்கது.

பதுக்ககத்தின் நிலை வேறு. 5ஆம் பதிப்புக்குப் பின் என்பிஎம் தன் பதுக்ககத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொதியையும் அதன் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கொடுக்கும். பழுதுபட்டது காணின் மீண்டும் தருவிக்கும். ஆகவே பிழை தீர்க்கும் பொருட்டுப் பதுக்ககத்தை அழிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அழிக்கக் கட்டளையிட்டால், வற்புறுத்தற்குரிய சொல்லையும் சேர்த்தாலன்றி அக்கருவி அழிக்க மறுக்கும். சரிபார்க்க மட்டும் விரும்புவோர்க்கு 'என்பிஎம் காஷ் வெரிஃபை' என்னும் கட்டளை உண்டு. அளந்து விலைகொடுத்து இணையம் பெறும் நம்மவர்க்குப் பதுக்ககம் ஒரு செல்வம். காரணமின்றி அதனை அழித்து மீண்டும் தருவித்தல், நெல்லிருக்கும் கொட்டிலைத் தூர்த்துவிட்டு நாள்தோறும் சந்தையில் அரிசி வாங்குவதை ஒக்கும்.

மீண்டும் கிடைக்கும் என்னும் நம்பிக்கை

தருவித்த பொருளை மீண்டும் தருவிக்கலாம் என்னும் நம்பிக்கையும் எல்லையுடையதே. 2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், 'லெப்ற்-பாட்' என்னும் சிறு பொதியை அதன் ஆசிரியர், ஒரு பெயருரிமைப் பிணக்கின் காரணமாக, தம் பிற பொதிகளோடு பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கிவிட்டார். 11 வரிகளே கொண்ட நிரல் அது. ஓர் எழுத்துத் தொடரின் இடப்புறத்தை நிரப்பி வேண்டிய நீளமாக்குவதே அதன் பணி. ஆயினும் 'பேபல்' போன்ற பெருங் கருவிகள் நேராகவும் மறைமுகமாகவும் அதனைச் சார்ந்திருந்தமையால், உலகெங்கும் எண்ணற்ற மென்பொருளாக்கங்கள் தடைப்பட்டன. களஞ்சியத்தார் சில மணி நேரத்துள் அதனை மீண்டும் இட்டனர். வெளியிட்ட பொதியை எளிதில் நீக்கவியலாதவாறு தம் விதிகளையும் பின்னர்த் திருத்தினர். பொதிக் கோப்புறையில் அப்பொதியை முன்னரே வைத்திருந்தோர்க்கு அன்று இடரில்லை. அன்று காலையில் யாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக ஆக்க முற்பட்டோரே இடர்ப்பட்டனர்.

பிற கருவிகளிலும் இத்தகைய நுண்மைகள் உண்டு. யாவா மொழியிற் பயிலும் 'மேவன்' என்னும் கருவியின் பதுக்ககம் 'எம்2' என்னும் மறைந்த கோப்புறையுள் இருக்கின்றது. அதனுள்ளேயே பயனர் தம் கையால் எழுதிய அமைப்புக் கோப்பும் இருத்தல் கூடும். இணையக் களஞ்சியம் எதனிலும் இல்லாது, அக்கணினியில் ஆக்கி நிறுவிய பொதிகளும் பதுக்ககத்தில் இருத்தல் கூடும். பதுக்ககம் என்னும் பெயரை நம்பி முழுக் கோப்புறையையும் அழிப்போர், வழியோடு முதலையும் அழித்தோராவர். பெயரைக் கொண்டு முடிவு செய்யாது, உள்ளிருப்பதைக் கண்டே முடிவு செய்தல் வேண்டும்.

இதனை நேரிற் காணும் வாய்ப்பும் ஒருமுறை நேர்ந்தது. மாணவர் குழுவொன்று நூலகத்து நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் செய்நிரலை ஆக்கி, மூன்று கிழமைகளாக நூல்களின் விபரங்களைப் பதிந்து வந்தது. கண்காட்சிக்கு முன்னாள், செய்நிரலைத் தூய்மையாக்கக் கருதிய ஒரு மாணவன் 'கிற் கிளீன்' என்னும் கட்டளையை முழு வன்மையோடு இட்டான். 'கிற்' என்பது மூலநிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து பேணும் கருவி. 2005ஆம் ஆண்டில் லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கியது. எவற்றைப் பதிவு செய்யவேண்டா என்பதற்கு அதில் ஒரு புறக்கணிப்புப் பட்டியல் உண்டு. ஆக்கக் கோப்புக்களை அப்பட்டியலிற் சேர்ப்பது வழக்கம்; கடவுச்சொற் கோப்பும் தரவுக் கோப்பும் வேறு காரணங்களால் அதிலேயே சேர்க்கப்படும். முழு வன்மையோடு இட்ட கட்டளை, புறக்கணித்தவை அனைத்தையும் வேறுபாடின்றி அழித்தது. மூன்று கிழமைப் பதிவும் ஒரு நொடியில் மறைந்தது. நூலகரின் கைப்பட எழுதிய வரவேடு அலமாரியில் இருந்தமையால், எண்மர் அன்றிரவும் மறுநாட் காலையும் இருந்து ஒரு பகுதியையேனும் மீண்டும் பதிந்தனர். அத்தரவுக்கு முதல், கணினியில் இல்லை, வரவேட்டில் இருந்தது. வரவேடும் இல்லையாயின் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவதன்றி வேறு வழியிருந்திராது. அக்கட்டளைக்கே, அழியாது, அழிக்கக் கருதுவனவற்றின் பெயரை மட்டும் முன்கூட்டிக் காட்டும் முறையொன்றுண்டு. கட்டளையோடு 'என்' என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தல் போதும். அவ்வொரெழுத்து அம்மாணவரின் உழைப்பைக் காத்திருக்கும்.

கழிக்கும் முறை

மேற்கூறியவற்றை மாணவர் நினைவிற் கொள்ளற் பொருட்டுத் தொகுத்துக் கூறுவாம்.

1. பிழை கண்டவுடன் கழிக்க முற்படற்க. பிழைச் செய்தியை முற்றாகப் படித்து, அதனைக் குறித்து வைத்துக்கொள்க.

2. மூலநிரலில் இதுகாறும் செய்த திருத்தங்கள் யாவும் கிற் கருவியிற் பதிவாகியுள்ளனவா எனப் பார்க்க. பதிவாகாதன உளவேல் முதலில் அவற்றைப் பதிக.

3. அழியவிருப்பவற்றின் பட்டியலை முன்னர்க் காண்க. ஒவ்வொன்றையும் நோக்கி, இஃது எதனினின்று மீண்டும் ஆகும் என வினவுக. விடை தெரியாததை அழித்தலாகாது. வேறிடத்திற் படியெடுத்து வைக்க.

4. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்க. முதலில் ஆக்கக் கோப்புக்கள். பின்னர்ப் பொதிக் கோப்புறை. வேறு வழியில்லையெனின் மட்டும் பதுக்ககம். பூட்டுக் கோப்பில் எளிதிற் கைவையற்க.

5. கழித்தபின் பிழை தீர்ந்ததாயின், ஏன் தீர்ந்தது என ஆராய்க. பட்டியலிற் குறிக்கத் தவறிய சார்பு ஒன்று இருத்தல் கூடும். அதனைத் திருத்தாது ஒவ்வொரு நாளும் கழித்து வருதல், கூரை ஒழுக்கை அடைக்காது நாள்தோறும் நிலத்தைத் துடைப்பதை ஒக்கும்.

இவற்றோடு ஆறாவதாக ஒன்று சொல்லத் தகும். பிழையில்லாத காலத்திலும், இடைக்கிடை, செய்நிரலைப் புதியதொரு கோப்புறையிற் கிற் களஞ்சியத்தினின்று படியெடுத்து, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஆக்கிப் பார்த்தல் வேண்டும். பழைய கோப்புறையை அழிக்கவேண்டியதில்லை. ஆகவே இதில் இடரில்லை. அங்ஙனம் ஆக்க முடிந்ததாயின், அச்செய்நிரலின் முதல் முழுமையாகப் பேணப்பட்டுள்ளது என்பது பெறப்படும். முடியவில்லையாயின், எழுதி வையாத ஏதோவொன்று ஒருவர் கணினியிலோ ஒருவர் நினைவிலோ மட்டும் தங்கியுள்ளது என்பது தெளிவு. அக்கணினி பழுதாகுமுன், அம்மனிதர் வேறிடம் செல்லுமுன் அதனை அறிந்துகொள்ளுதல் பெரும் பேறு.

கழித்தல் ஓர் இழிந்த வேலையென இளைஞர் எண்ணற்க. தாம் ஆக்கியதன் முதல் எது, வழி எது, சார்பு எது எனத் தெளிந்தவரே அதனை அச்சமின்றிச் செய்யவல்லவர். மென்பொருட்டுறையிலுள்ள நம் பழைய மாணவர், விடுமுறையிற் கல்லூரிக்கு வருங்கால், கணினிக் கழகத்து மாணவரோடு ஓரிரு மணி நேரம் அமர்ந்து, அவர்தம் செய்நிரல் ஒன்றை வெறும் நிலையிலிருந்து ஆக்குவித்துக் காட்டுவாராயின் அது மிகப் பயனுடைய கொடையாகும். அதற்கு வேண்டுவன ஒரு கணினியும் ஒரு பிற்பகலும் மட்டுமே. கற்கும் மாணவர்க்கோ அது தொழில் வாழ்க்கை முழுவதற்கும் உதவும்.